முதுகில் வைத்த முழங்கால்

அந்த விளையாட்டில் கிடுக்கி முதன்முதலாகக் கொன்றது, மாடிப்படிக்குக் கீழே நின்றிருந்த ஒரு காவல்காரனை. பின்னால் பதுங்கிப் போய் வாயைப் பொத்தி, கழுத்தில் கத்தியை இறக்க வேண்டும். திரை காட்டிய பொத்தானை அழுத்தினாள், இறங்கியது. ரத்தம் சுவரில் விசிறியடித்தது. காலை இரண்டு முறை உதைத்துக்கொண்டு அடங்கினான். அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை, புது பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்று அவன் தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தான்.

“என்ன அண்ணி, கையை எடுத்துட்டீங்க? அடுத்தவன் வரான், குத்துங்க,” என்றான் கொழுந்தன்.

“செருப்பு கடிக்குதுன்னு அழுதுட்டிருந்தவனைக் குத்த வெச்சிட்டியேடா.”

“அவன் பொம்மை அண்ணி.”

“பொம்மைக்கு எதுக்குடா கால் வலிக்குது?”

கைப்பேசி, டிவி, விளையாட்டுப் பெட்டி எல்லாம் பழுது பார்ப்பவன் கொழுந்தன். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன பெட்டியைத்தான் வீட்டில் மாட்டியிருந்தான். கிடுக்கி கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு ஏழு வயது. இப்போது தலையில் முன்பக்கம் வழுக்கை விழுந்த பிறகும் அவளிடம் ‘டா’ வாங்கிக்கொண்டிருந்தான். அவள் புருஷன் லாரியோடு போனால் பத்து நாள் திரும்பமாட்டான். வீட்டில் இவர்கள் இருவரும் அந்தப் பெட்டியும்தான்.

“கொல்லாமலும் ஆடலாம் அண்ணி,” என்றான் கடைசியில். “கழுத்தை நெரிச்சு மயக்கம் போட வெச்சு, ஓரமா படுக்க வெச்சிட்டுப் போயிடலாம். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் எத்தனை பேரைக் கொன்னீங்கன்னு கணக்குக் காட்டும். ஆனா நாக்குத் தள்ளிடும், சொல்லிட்டேன்.”

“அதைப் போடு. முதல்லேருந்து போடு.”

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கோட்டைக்குள் அடைத்து வைத்திருக்கும் தங்கையை மீட்க ஒருத்தி உள்ளே நுழைகிறாள். புள்ளி சேர்த்துப் புதுத் திறமைகளை வாங்கிக்கொள்ளலாம். பதினான்கு திறமை. அவற்றில் பதினொன்று விதவிதமாகக் கொல்வதற்கு. கொல்லாமல் போகிறவளுக்கு மூன்று. செய்தவனின் புத்தி எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்த மூன்றை வைத்துக்கொண்டு கிடுக்கி, வேலை முடிந்து வந்த மத்தியானங்களில் மூன்று மாதம் ஆடினாள். திரைச்சீலைக்குப் பின்னால் அரை மணி நேரம் அசையாமல் நிற்பாள். மயங்கியவனைத் தோளில் தூக்கிப் போய், ஒருவனுக்குப் பக்கத்தில் ஒருவனாக அடுக்குவாள். “அடுத்து இவனுங்களுக்குப் போர்வை வாங்கணுமா அண்ணி?” என்று கொழுந்தன் கேட்டால், “விக்குதா? எங்கே?” என்பாள்.

ஆறாவது கட்டத்தின் முடிவில் திரை சொன்னது: கொலை, ஒன்று.

“பொய் சொல்லுது,” என்றாள். “நான் ஒருத்தனையும் கொல்லலை.”

கொழுந்தன் பழைய இடத்துக்குப் போய்த் தேடினான். சமையலறைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில், அவள் படுக்க வைத்த ஆள் முகம் கவிழ்ந்து கிடந்தான். நாலு விரல்கடைத் தண்ணீர்.

“மயக்கத்துல கவிழ்ந்து கிடந்தா மூச்சு எப்படி விடுவான்? நீங்க போனப்புறம் செத்திருக்கான். உங்க கணக்குலதான் ஏறும்.”

“நான் போனப்புறம் செத்தா என் கணக்கா?”

“பின்னே, என் கணக்கா?”

அவள் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆடினாள். நான்கு மணி நேரம் பிடித்தது. இந்தத் தடவை யாரை மயக்கினாலும், முகம் மேலே தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பதினான்கு வயதிலிருந்து முப்பது வயதுவரை மாவு மில்லில் மூட்டை தூக்கியவள் அவள். அங்கே கிடைத்த பெயர்தான் கிடுக்கி. ஒன்றைப் பிடித்தால் அவளாக விட்டால்தான் உண்டு. மில்லை மூடியபோது மனநலக் காப்பகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். மேலாளர் அவளை எதுவும் கேட்கவில்லை. “கையைக் காட்டு” என்றார். காட்டினாள். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு” என்றார்.

வாசல் பலகையில் ஒரு வெள்ளைப் புறா வரைந்திருந்தது. உள்ளே இரண்டு மாடி, இரும்புக் கம்பிக் கதவு, முப்பத்திரண்டு பெண்கள். அவர்களில் சிலருக்கு உண்மையாகவே நோய் இருந்தது. மற்றவர்களுக்கு இருந்த நோய், அவர்கள் பேரில் இருந்த வீடு. அண்ணனோ மகனோ கொண்டுவந்து விட்டுவிட்டு, மாதா மாதம் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டுகிறவரை அந்தப் பெண்ணுக்குக் குணமாவதில்லை.

மாத்திரை வேண்டாம் என்று ஒருத்தி முரண்டு பிடித்தால் அங்கே ‘கவிழ்ப்பு’ நடக்கும். குப்புறத் தள்ளி, ஆளுக்கு ஒரு கையை இருவர் பிடிக்க, ஒருத்தி காலில் உட்கார, கிடுக்கி முதுகில் முழங்காலை வைப்பாள். அடங்கும்வரை. மூச்சு முட்டுகிறது என்று கத்துவார்கள். அதற்கு மேலாளரிடம் தயாராக ஒரு விதி இருந்தது: “பேச முடியுதுல்ல? அப்போ மூச்சு இருக்குன்னு அர்த்தம். பிடி.” கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். பேசுவதற்கு ஒரு வாய்க் காற்று போதும், உயிரோடிருப்பதற்கு அது போதாது என்பதை அந்த வீட்டில் யாரும் யோசித்ததில்லை. யோசிப்பதற்குச் சம்பளமும் இல்லை.

கால்வாய்க்காரன் செத்த மறுநாள் கிடுக்கி மேலாளரின் அறை வாசலில் நின்றாள்.

“சார், கவிழ்க்காம ஒருக்களிச்சுப் பிடிக்கலாமா? குப்புறக் கிடந்தா மூச்சுக்கு ஆகாது.”

“எந்த டாக்டர் சொன்னாரு?”

விளையாட்டில் பார்த்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “தோணுச்சு சார்.”

“பத்து வருஷமா பிடிக்கிறோம், ஒருத்தியும் சாகலை. உனக்குத் தோணுறதுக்கா சம்பளம் கொடுக்கிறேன்? போய் மாத்திரையைக் கொடு.”

அவள் போய் மாத்திரையைக் கொடுத்தாள்.

மேல்மாடியில் ஒரு டீச்சர் இருந்தார். இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். அவர் பேரில் இருந்த அப்பாவின் வீட்டை எழுதிக் கொடுக்க மறுத்ததும், அவர் தம்பி அவரைப் பைத்தியமென்று கொண்டுவந்து விட்டிருந்தான். கிடுக்கி மேலாளரிடம் கேட்ட அன்றே, காலை பத்தரை மணிக்கு டீச்சர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“நேத்து மூணு. இன்னிக்கு அஞ்சு. யார் எழுதிக் கொடுத்தது? டாக்டர் சீட்டைக் கொண்டா, பார்த்துட்டு முழுங்கறேன்.”

“டீச்சர், சும்மா போட்டுக்கோங்க,” என்றாள் கிடுக்கி மெதுவாக.

“சீட்டு இல்லாம எதையும் போட்டுக்க மாட்டேன். நீயும் எட்டாவது படிச்சவதானே, கேட்கிறதுல என்ன தப்புன்னு சொல்லு.”

அதற்குள் மேலாளர் கையில் டீயோடு வந்துவிட்டார். “என்ன, பள்ளிக்கூடமா நடக்குது இங்கே?” என்றவர், டீச்சரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மூக்குக்கண்ணாடி தெறித்துச் சுவரோரம் போய் விழுந்தது. டீச்சர் மாத்திரைகளை அவர் முகத்தில் எறிந்தார். “கவிழ்த்துங்கடி,” என்றார் மேலாளர்.

கவிழ்த்தார்கள். தாடை தரையில் மோதி ஒரு பல் உதட்டைக் கிழித்தது. ஒல்லி என்று கூப்பிடப்படும் பணியாள் இடது கையை முறுக்கிப் பிடித்தாள். இன்னொருத்தி வலது கை. சமையல்காரி காலில் உட்கார்ந்தாள். கிடுக்கி முதுகில் முழங்காலை வைத்தாள். எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. மணி பத்து முப்பத்தொன்று. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீயை உறிஞ்சினார்.

“கிடுக்கி, மூச்சு முட்டுது. காலை எடு,” என்றார் டீச்சர். வகுப்பில் பேசுகிறவரைப் போல, தெளிவாகத்தான் சொன்னார்.

கிடுக்கி முழங்காலைத் தூக்கினாள்.

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா? பேசுறா பாரு. பிடி,” என்றார் மேலாளர்.

தூக்கிய முழங்காலை அவள் திரும்ப வைத்தாள். அவள் எடை முழுதும் அதில் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிவது போல அடியில் ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டீச்சர் இன்னும் இரண்டு தடவை அதையே சொன்னார். பிறகு வாயசைவு மட்டும் இருந்தது. நகங்கள் தரையைப் பிறாண்டின. சேலைக்கு அடியில் ஈரம் பரவியது. “அடங்கிட்டா,” என்றாள் ஒல்லி. மணி பத்து நாற்பத்தைந்து.

கிடுக்கி இறங்கி டீச்சரை ஒருக்களித்துப் புரட்டினாள். உதடு நீலம். கண் பாதி திறந்து கூரையைப் பார்த்தது. வாயைத் துடைத்தாள், கன்னத்தைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தட்டத் தட்டத் தலை ஆடியது, அவ்வளவுதான்.

மேலாளர் டீக் கோப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். “வலிப்பு வந்துச்சு. விழுந்தாங்க. நெஞ்சை அமுக்கிப் பார்த்தோம், அதுல எலும்பு விட்டிருக்கலாம். யார் கேட்டாலும் இதுதான். எங்கே, ஒருதரம் சொல்லுங்க.” மூன்று பேர் சொன்னார்கள். கிடுக்கி தரையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மடித்து டீச்சரின் தலைமாட்டில் வைத்தாள். அவள் சொல்லாததை மேலாளர் கவனிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் எதையும் சொல்லாமல் இருந்ததே அவருக்குப் பழக்கம்.

அன்று வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டாள். அடுத்த கட்டம் கோட்டையின் உள்முற்றம். கத்தியை எடுத்துக்கொண்டு நேராக, பதுங்காமல், நடுவழியில் நடந்தாள். எதிரில் வந்தவன் வயிற்றில் குத்தினாள். ஓடியவனை முதுகில் குத்தினாள். மணி அடிக்கப் போனவனை மாடத்திலிருந்து தள்ளினாள். கையைத் தூக்கிச் சரணடைந்த ஒரு சமையல்காரனையும் விடவில்லை. முற்றம் முழுதும் செந்நிறச் சேறாயிற்று. கடையிலிருந்து வந்த கொழுந்தன் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்றான். கட்டம் முடிந்ததும் திரை சொன்னது: கொலை, நாற்பத்தொன்று.

“அண்ணி, என்ன ஆச்சு?”

“கொன்னா கொன்னேன்னு எழுதுது பாரு. இதுக்கு இருக்கிற யோக்கியதை கூட...” என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் பெட்டியை அணைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

கொழுந்தன் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். “உண்மையைச் சொன்னா நீங்கதான் உள்ளே போவீங்க. அந்தாளு பெயில்ல வந்துடுவான். நாலு பேர் சொல்றதுதான் நிக்கும், நீங்க ஒருத்தி. பேசாம இருங்க அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்.”

“காலைப் பத்தி இன்னிக்குப் பேசாதே தம்பி,” என்றாள்.

மூன்றாம் நாள் காலை விசாரணை. காப்பகத்தின் அலுவலக அறையில் விசாரணை அதிகாரி, ஓர் எழுத்தர், சுவரோரம் ஒரு பெண் காவலர். நல்ல வாட்டசாட்டமான பெண். கிடுக்கியை உட்காரச் சொல்லாமலே அதிகாரி ஒரு தாளை நீட்டினார். வாக்குமூலம் முன்கூட்டியே தட்டச்சாகியிருந்தது. வலிப்பு, விழுந்தது, நெஞ்சை அமுக்கியது.

“மத்த மூணு பேரும் போட்டாச்சு. கையெழுத்துப் போடும்மா.”

கிடுக்கி கடைசி வரிவரை படித்தாள். “இதுல இருக்கிறது எதுவும் நடக்கலை சார். குப்புறத் தள்ளினோம். நான் முதுகுல முழங்காலை வெச்சேன். பதினாலு நிமிஷம். மூச்சு முட்டுதுன்னாங்க, எடுத்தேன். மேனேஜர் சார் வைக்கச் சொன்னாரு, வெச்சேன்.”

எழுத்தர் பேனாவை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி சலித்துக்கொண்டார். “மூச்சு முட்டுதுன்னு அவங்க சொன்னாங்கன்னு நீயே சொல்றே. பேச முடிஞ்சிருக்குல்ல? அப்போ மூச்சு இருந்திருக்கு. எதுக்கும்மா இல்லாததைத் தலையில இழுத்துப் போட்டுக்கறே?”

அதே விதி. படித்த வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

“காட்டட்டுமா சார்?” என்றாள் கிடுக்கி. பெண் காவலரிடம் திரும்பினாள். “அம்மா, ஒரு நிமிஷம் குப்புறப் படுங்க. டீச்சர் மேல வெச்சதுல பாதிதான் வைப்பேன். முடியலைன்னா தரையைத் தட்டுங்க, எடுத்துடறேன்.”

“நான் உன்னை மாதிரி ஒன்றரை ஆளு,” என்று சிரித்தார் காவலர். “எங்க வீட்டுல நாலு பேர் ஒண்ணா ஏறி மிதிச்சாலும் தாங்குவேன்.” அதிகாரி வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தார்.

கிடுக்கி முழங்காலை வைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துப் பாதி எடையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணுலேருந்து எண்ணுங்க.”

காவலர் உரக்க எண்ணினார். பன்னிரண்டுவரை கேலியாக எண்ணினார். இருபதில் குரல் மெலிந்தது. இருபத்தாறில் நின்றது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் கறுத்துச் சிவந்தது.

“மூச்சு முட்டுது. எடு,” என்றார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது. கை தரையைத் தட்டியது.

கிடுக்கி உடனே எடுத்துவிட்டாள். காவலர் புரண்டு எழுந்து சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து காற்றை விழுங்கினார். இருமினார். கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“அரை நிமிஷம் ஆகலை,” என்றாள் கிடுக்கி. “பாதி கனம்தான். டீச்சருக்கு அம்பத்தெட்டு வயசு. கையிலயும் காலிலயும் மூணு பேர்.”

வெளியே கதவு தட்டப்பட்டது. “முடிஞ்சுதா சார்? டீ சொல்லவா?” என்றது மேலாளரின் குரல்.

பெண் காவலர் விலாவைப் பிடித்தபடியே போய்க் கதவை உள்ளே தாழிட்டார். “இன்னும் ஆரம்பிக்கவே இல்லை,” என்றார் கதவைப் பார்த்து. “எங்கேயும் போயிடாதீங்க, உங்களைத்தான் அடுத்து கூப்பிடுவோம்.” அதிகாரியிடம் திரும்பினார். “அந்தத் தாளை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க சார்? புதுசா எழுதச் சொல்லுங்க. எழுதலைன்னா, நான் இப்போ தரையில கிடந்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புவேன்.”

அதிகாரி தட்டச்சுத் தாளைத் தன் பக்கம் இழுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். எழுத்தர் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கிடுக்கியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“முழங்கால் யாருதுன்னு போடட்டும்மா?”

“என்னுதுன்னு போடுங்க,” என்றாள். “வைக்கச் சொன்னது யாருன்னும் அதே வரியில போடுங்க.”