அண்ணாமலைச்சேரி சஃபாரி: தூங்கிப்போன இரண்டு பேரும் கொஞ்சம் பூநாரைகளும்

கென்யாவில் யானைக் கூட்டத்துக்கு முன்னால் நின்று என் கல்லூரித் தோழி அனுப்பிய படம்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். அவளும் தன்னார்வலர், நானும் தன்னார்வலர். ஒரே மாதத்தில்தான் இருவரும் வீட்டை விட்டுக் கிளம்பினோம். அவளுக்கு யானை வாய்த்தது. எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை ஓரம், பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடி அறை வாய்த்தது. போகட்டும், நாமும் ஒரு சஃபாரி போய்விடுவோம் என்று டிசம்பர் கடைசிச் சனிக்கிழமையைக் குறித்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் மலேசியா, கிள்ளான். அடிபட்ட கையை மறுபடி வேலை செய்ய வைப்பது என் தொழில். தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் விரல் கொடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னத் தொண்டு அமைப்பு ஆள் தேடியது. ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டு வந்தேன். நமக்குத்தான் தமிழ் தெரியுமே, ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டவர்களிடம் என்ன ஆச்சு, எது ஆச்சு என்று முழித்தேன்; காலைச் சாப்பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் உப்பு, காற்றில் இரும்புத்தூள், எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கனவில் மட்டும்.

அதெல்லாம் கூடப் பழகிவிட்டது. பழகாதது என் வேலைதான். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி என்று அழகாக அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினேன். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருவர்கூட வரவில்லை. நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகுதான் தெரிந்தது, இங்கே வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இந்த ஊரில் கிழமையைப் பார்த்து யாரும் வாழ்வதில்லை. ஏ, பி, சி என்று மூன்று எழுத்துகளைப் பார்த்துத்தான் எழுவதும் தூங்குவதும். மூன்றாம் மாதத்திலும் அந்த அட்டவணையை நான் திருத்தியபடிதான் இருந்தேன்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. மொட்டை மாடிக்கு ஏறுவேன், இறங்குவேன், கடைக்குப் போய் எதுவும் வாங்காமல் திரும்புவேன். "ஏன்கா குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு இருக்க?" என்று பக்கத்து அறை ஸ்டெல்லா கேட்பாள். சும்மாதான் என்று மழுப்புவேன். ஏனென்றால் ஜனவரி முதல் வாரத்துக்கு நான் கோலாலம்பூர் டிக்கெட் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சஃபாரி என்றது அதற்குத்தான். சொல்லாமல் விடைபெறும் பயணம்.

டிக்கெட் போட வைத்தவள் அமுதா. ஸ்டெல்லாவின் அறைத்தோழி, இருபத்து மூன்று வயது. போன மே மாதம் பிரஸ்ஸில் அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. சுண்டுவிரலும் கட்டைவிரலும் நன்றாக இருக்கின்றன. நடுவில் மிச்சமிருந்த மோதிர விரல் மட்டும் விறைத்துக்கொண்டு மடங்கவே இல்லை. அது மடங்கினால் மூன்று விரலால் சோறு எடுத்து விடலாம். மடங்காததால் அவள் இடது கையால் சாப்பிடுகிறாள். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். யாராவது உள்ளே வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அவளைப் பழையபடி பேக்கிங் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கேன்டீனுக்கு அவள் போவதில்லை.

வெந்நீர், எண்ணெய், பிசைய மைதா மாவு உருண்டை என்று நானும் இரண்டு மாதம் பார்த்தேன். நான் தொட்டதும் அந்த விரல் ஆணி அடித்ததுபோல நிற்கும். தசைநார் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று சொன்னேன். "இன்னொரு வாட்டி கத்தி வெக்க உட மாட்டேன்" என்றாள். அதோடு பயிற்சிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். அன்றைக்கு இரவே டிக்கெட் போட்டேன். தோற்றுப்போன இடத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

சஃபாரி என்றதும் ஸ்டெல்லா, "எருமை பாக்கறதுன்னா ரோட்டுலியே நிக்குதே" என்றாள். பழவேற்காடு ஏரியில் பூநாரை வந்திருக்கிறது, இளஞ்சிவப்பாக இருக்கும் என்று படம் காட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சனிக்கெழமையா? சரி, வர்றோம்" என்றாள் அமுதா. அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம்தான். அந்த வாரம் இருவருக்கும் பி ஷிப்ட், மதியம் இரண்டு முதல் இரவு பத்து. லீவு கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு கீழே நின்றார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஏழு பத்து லோக்கல் ரயில். பொன்னேரிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், இருபது நிமிடம். உட்கார இடம் கிடைத்தும் நான் வாசல் பக்கம் போய் நின்றேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். "கொஞ்சம் குந்துக்கா, பேஜாரு பண்ணாத" என்று ஸ்டெல்லா கண்ணை மூடியபடியே சொன்னாள்.

பொன்னேரியில் இட்லி, வடை. அமுதா தனக்குப் பார்சல் கட்டச் சொன்னாள், வழக்கம்போல. அண்ணாமலைச்சேரிக்குப் பேருந்து குறைவு, அதனால் ஆட்டோ பேசினோம். ஐந்நூறு கேட்டு நானூறுக்கு இறங்கினார். கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர், நெல் வயல், இறால் பண்ணை, அப்புறம் திடீரென்று தண்ணீர். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "எங்கருந்து வர்றீங்கம்மா?" என்று கேட்டார். மலேசியா என்றேன். "அத்தினி தூரத்துலருந்து கொக்கு பாக்கவா?" என்றார். கொக்கு இல்லை, பூநாரை என்று விளக்க ஆரம்பித்தேன். பின்னால் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள்.

படகுக்காரர் பெயர் தேசப்பன், ஐம்பது வயதிருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு. மிதவை அங்கியை மாட்டினால்தான் படகை எடுப்பேன் என்றார். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரம் இன்ஜின், அப்புறம் அதை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளினார். பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். சத்தம் கேட்டால் பறவைகள் எழுந்துவிடும் என்று எங்களைப் பேச வேண்டாம் என்றார். அதற்கு அவசியமே இல்லை. படகு இன்ஜினை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் ஸ்டெல்லா அங்கியைச் சுருட்டித் தலைக்கு வைத்துவிட்டாள். தேசப்பன் அதட்டியதும் எழுந்து அதை மறுபடி மாட்டிக்கொண்டு, பலகையில் சாய்ந்து தூங்கினாள். அமுதா என் பக்கம் சரிந்து, கடைசியில் என் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதற்கென்ன, நன்றாகவே வந்தது. எனக்கு இது கடைசிப் பயணம், இவர்களுக்குத் தூக்கம். "ஸ்டெல்லா, எழுந்திரு, இதுக்கா வந்தோம்?" என்று காலால் தட்டினேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நேத்து மதியம் ரெண்டு மணிலருந்து நிக்கறோம்கா. பி முடிச்சுட்டு அப்டியே சி பாத்தோம். காலீல ஆறு மணிக்குத்தான் உட்டாங்க."

"ஏன்?"

"மாத்து டூட்டி. அந்த சி ஷிப்ட் பொண்ணுங்களுக்கு நைட்டு நாங்க நின்னோம். இன்னிக்கு எங்களுக்கு அதுங்க நிக்கும். லீவு குடுக்கலக்கா." கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினாறு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டு, எனக்காகக் கொக்கு பார்க்க வந்திருக்கிறார்கள். எழுந்து நடக்க வேண்டும்போல இருந்தது. படகில் எங்கே நடப்பது? மடியில் தலை வேறு. அசைந்தால் எழுந்துவிடுவாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் அசையாமல் உட்கார்ந்தேன், வேறு வழி இல்லாமல்.

அப்படி எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தேசப்பன் கழியை ஊன்றிப் படகை நிறுத்தி, மெதுவாக, "அதோ பாருமா" என்றார். தூரத்தில் தண்ணீர் ஓரம் வெளுத்த ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. கோடு அசைந்தது. கழுத்தும் காலுமாகப் பிரிந்தது. நூறா, இருநூறா, எண்ணத் தெரியவில்லை. போன் பைக்குள் இருந்தது. எடுக்க வலது கையை நகர்த்தினேன். முடியவில்லை. ஏதோ பிடித்து இழுத்தது.

குனிந்து பார்த்தேன். என் கையில் சுற்றியிருந்த துப்பட்டாவின் முனையை அமுதா பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் தன் துப்பட்டா மடிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கும் அந்த வலது கையால். கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் ஒரு பக்கம், நடுவில் அந்த மோதிர விரல். மடங்கியிருந்தது. பாதி அல்ல, முழுசாக, உள்ளங்கையைத் தொடும்படி மடங்கித் துணியை இறுக்கிக்கொண்டிருந்தது.

நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். நார் ஒட்டியிருந்தால் தூக்கத்திலும் மடங்காது. அப்படியென்றால் ஒட்டவில்லை. முழித்திருக்கும்போது பயம்தான் அந்த விரலைப் பிடித்து வைத்திருக்கிறது. நான் தொடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கைக்கு மெஷின்தான் ஞாபகம் வந்திருக்கிறது. கத்தி வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் சரி. படித்த நான் இதைத் தூங்கவிட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

தலைக்கு மேல் பெரிய சத்தம். பறவைகள் எல்லாம் ஒன்றாக எழுந்துவிட்டன. "பாத்தியாமா, பாத்தியா?" என்று தேசப்பன் சந்தோஷமாகக் கேட்டார். பார்த்தேன் என்றேன். பொய். பூநாரை பறக்கும்போது இறக்கையின் உட்பக்கம் செக்கச் செவேலென்று இருக்கும் என்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் ரயிலில் அமுதாவிடம் சொன்னேன்.

"சும்மா சொல்ற நீ" என்றாள்.

"சத்தியமா. என் துப்பட்டாவப் புடிச்சிருந்த."

"போட்டோ எடுத்தியா?"

"இல்ல. அசையவே இல்ல நான்."

"பறவய?"

"அதையும் எடுக்கல. சரியாப் பாக்கவும் இல்ல."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கு கத. நாங்க தூங்குனோம், நீயும் பாக்கல. கொக்குதான் நம்மளப் பாத்துகினு போயிருக்கு."

"பிப்ரவரி வரைக்கும் இருக்குமாம். இன்னொரு தடவ போவோம்" என்றேன்.

ரயில் கவரப்பேட்டையில் நின்று கிளம்பியது. அமுதா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள், "பிப்ரவரில நீ இருப்பியாக்கா?"

டிக்கெட் போட்ட மறுநாள், விடுதிக்குக் கொடுத்த அட்வான்ஸ் பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று வார்டனிடம் கேட்டிருந்தேன், அது அன்றைக்கே இவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. போகிறவள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்றுதான் இரண்டு ஷிப்ட் நின்றிருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை.

"இருப்பேன்" என்றேன். பணம் திரும்ப வராத டிக்கெட். போனால் போகிறது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. டிசம்பர் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை அதிகம் பெய்த வருடம் தண்ணீர் ஆழமாக இருந்தால் பறவைகள் தள்ளிப் போய்விடுமாம். ஏரியில் படகு விடக் கட்டுப்பாடுகள் உண்டு, முதல் நாளே விசாரித்துவிட்டுப் போங்கள். மிதவை அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், கரையில் கடை ஏதும் இல்லை. திரும்ப வர ஆட்டோ கிடைக்காது, போனவரையே காத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கு எங்களிடம் இருநூறு வாங்கினார். காலை எட்டுக்குள் படகில் ஏறிவிட்டால் வெயில் அவ்வளவு தெரியாது.

தன்னார்வலராக இங்கே வரப்போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. முதலில் ஷிப்ட் கேளுங்கள், அப்புறம் அட்டவணை போடுங்கள். கதவிலிருந்து என்னுடையதைக் கிழித்துவிட்டேன். இப்போது சி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் காலை ஆறரைக்குப் பயிற்சி. படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாதித் தூக்கத்தில். பாதிப் பேர் குறட்டை விடுகிறார்கள். நான் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் பழகிவிட்டது.

அமுதாவும் வருகிறாள். விழித்திருக்கும்போது விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, முக்கால்வாசி வருகிறது. நேற்று காலை அவள் அறைக்குப் போனேன். சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். வலது கையால் இட்லியைப் பிட்டாள். பாதி தட்டிலேயே விழுந்தது. மறுபடி பிட்டாள். பின்னால் நான் நிற்பது அவளுக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகவில்லை.