கழுவிய திராட்சை

என் கணவருக்கு என்னைவிட நிலாவோடுதான் நெருக்கம். நடுவது, கவாத்து செய்வது, பறிப்பது எல்லாமே நிலா பார்த்துத்தான். மாட்டுக் கொம்புக்குள் சாணத்தை அடைத்துப் புதைத்து, மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுத்து, தண்ணீரில் கரைத்துக் கொடிகளுக்குத் தெளிப்பார். பயோடைனமிக் என்று அதற்குப் பெயர். ஒரகடம் சாலையில் கம்பெனிகளுக்கு நடுவே மிஞ்சிய எங்கள் நிலத்தில் கருந்திராட்சை போட்டு, உரிமம் வாங்கி, அவரும் நானும் மாமியாருமாகச் சிவப்பு ஒயின் செய்கிறோம். சொந்தக்காரர்கள் எங்களைச் சாராயக் குடும்பம் என்பார்கள். நிலத்தை விற்றுவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்களின் வாயை யார் அடைப்பது?

எங்கள் ஒயினுக்கு ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. பழத்தோலில் திருநீறு தடவியதுபோல் ஒரு பூச்சு இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் ஈஸ்டே சாற்றை நொதிக்க வைத்துவிடும். பாக்கெட் ஈஸ்ட் போட்டால் அது ஊரான் வீட்டு ஒயின் என்பது அவர் கட்சி.

போன கோடையில் சாலையை அகலப்படுத்தினார்கள். லாரி போகப் போகக் குலைகளில் புழுதி அப்பியது. பறித்து வந்த பழத்தைப் பார்த்து மாமியார் முகம் சுளித்தார்.

"இன்னாடா, இவ்ளோ மண்ணு கீது. இத்தயா ஜனங்களுக்குக் குடுக்கப் போற?"

என் கணவருக்குச் சுருக்கென்றிருக்கிறது. போர்வெல் வற்றிக் கிடந்ததால் டேங்கர் வரவழைத்து, குலை குலையாகக் கழுவியிருக்கிறார். நான் ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டுத் திரும்பியபோது பழம் மசிந்து தொட்டிக்குள் போயாகிவிட்டது. கொட்டகை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை.

"டேங்கர் தண்ணியிலயா கழுவினீங்க?"

"மண்ணு போவ வேணாமா..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மண்ணோடு தோலிலிருந்த ஈஸ்டும் போயிருக்கும் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் நுரை கட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தொட்டியில் காதை வைத்துக் கேட்டோம். வழக்கமாக சோடா திறந்ததுபோல் ஒரு சத்தம் வரும். இப்போது சாலையில் போகும் கம்பெனி பஸ்தான் கேட்டது. ஒரு வருஷத்து உழைப்பு உள்ளே சும்மா கிடந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யாரைத் திட்டுவது? கெடுக்க வேண்டுமென்று யாரும் எதுவும் செய்யவில்லையே.

நானாகப் போய்ப் பாக்கெட் ஈஸ்ட் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"இந்த ஒரு வாட்டி போட்டுடலாங்க."

"தானா கிளம்பும். நிலா வளர்ந்துகினு வருது இல்ல?"

நிலா அதுபாட்டுக்கு வளர்ந்தது. தொட்டி அசையவில்லை. மாமியார் சரியாகச் சாப்பிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நாந்தாம்மா வாய வெச்சேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். என் கணவர் தன் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எங்கள் மூவருக்கும் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் அவரே சமையலறைக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பாக்கெட்ட எடுத்துனு வா."

எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். கொட்டகை வாசலிலேயே, சாறு கெட்டுப் புளித்துக் காடியாகிவிட்ட வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். சாற்றின் மேல் வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. இவ்வளவு பக்கத்தில் நிற்பவருக்கு அந்த வாசனை தெரியாமலா இருக்கும்?

"போடு" என்றார்.

நான் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டேன்.