அக்காவின் வலது கை

பச்சைத் துணிகளுக்கு அடியிலிருந்து நீண்டிருந்த ஒரு வலது கை. அந்த அக்காவை நினைத்தால் முகத்துக்கு முன்பு எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது. தெப்ரா என்ற ஊரில் சின்னதாக ஒரு சலூன் நடத்துகிறவர். முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை கத்தரி நழுவி விழுந்திருக்கிறது. மூன்றாவது முறை விரல்கள் தாமாகவே வலிப்புபோல் வெட்டி வெட்டி இழுத்தன. மூளையில், வலது கையை இயக்கும் இடத்தை ஒட்டிக் கட்டி இருப்பதாக ஸ்கேன் காட்டியது.

“முழுசா எடுக்கப் பார்த்தா கை செயலிழந்து போயிடலாம். கொஞ்சம் விட்டு வச்சா திரும்ப வளரலாம்” என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற கணவரின் முகத்தைக்கூட அக்கா பார்க்கவில்லை. “கைய காப்பாத்துங்க டாக்டர். மிச்சத்த அப்புறம் பார்த்துக்கலாம் லா.”

அக்கா சேர்ந்திருந்த மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சையின்போது அக்கா விழித்திருந்து விரல்களை மூடித் திறந்துகொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் நான் உடனே சொல்ல வேண்டும். எனக்கு அது முதல் தடவை. ஊசியால் தலை மரத்துப் போயிருந்ததால் அக்காவுக்கு வலியில்லை. பேச்சும் குறையவில்லை. “தங்கச்சி, உங்க முடிய யாரு வெட்டுனா? நேத்தே பார்த்தேன், பின்னால ஒரே மேடு பள்ளம்” என்றார். முகக்கவசத்துக்குள் எல்லாரும் சிரித்தோம்.

ஒன்றரை மணி நேரம் கழிந்திருக்கும். திறந்த விரல்கள் திறந்தபடியே நின்றன.

“மூடுங்க அக்கா.”

“மூடிட்டேனே.”

மூடவில்லை. அவருக்கு அது தெரியவில்லை. “நிறுத்துங்க டாக்டர்!” என்று கத்தியே விட்டேன். டாக்டர் கருவியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் போனதுபோல் இருந்தது. பிறகு சுண்டுவிரல் மெல்ல மடங்கியது. “இதுக்கு மேல வேணாம்” என்றார் டாக்டர். ஓரத்தில் கொஞ்சம் கட்டி அப்படியே விடப்பட்டது.

ஆனால் மறுநாள் காலை அந்தக் கை துவண்டு கிடந்தது. மூளையின் வீக்கம் வடிந்தால் அசைவு திரும்பும் என்று டாக்டர் சொன்னார். நானும் அக்காவிடம் அதையேதான் சொன்னேன். ஒரு நொடி தாமதமாகச் சொல்லிவிட்டேனோ என்ற எண்ணம் மட்டும் என்னை விடவில்லை. தினமும் அந்த விரல்களை நானே மடக்கி மடக்கி விட்டேன். ஐந்தாம் நாள் கட்டைவிரல் என் உள்ளங்கையை அழுத்தியது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சில மாதங்களில் அக்கா கடையைத் திறந்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். விட்டு வைத்த மிச்சம் இதுவரை வளரவில்லை. போன மாதம் ஸ்கேனுக்கு வந்தபோதுதான், அன்று நான் தாமதித்தேனோ என்ற பயத்தை அவரிடம் சொன்னேன்.

“லேட்டா? நான் மூடிட்டேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். எனக்கே தெரியாதத நீங்கதானே பார்த்துச் சொன்னீங்க.”

அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. தீபாவளிக் கூட்டம், கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டார். நான் கேண்டீனுக்குப் போய், வெகுநாளைக்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.