நீலம் பாய்ந்த கண்கள்

ஞானாம்பிகை 1950இல் மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் பிறந்தார். தந்தை விநாசித்தம்பி இரயில்வே குமாஸ்தா. பதினைந்து வயதுக்குள் ஞானாம்பிகைக்கு எட்டு முறை எலும்பு முறிந்தது. பள்ளி முடித்ததும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். பெற்றோர் காலமானபின் வீட்டில் தனியே இருந்தார்.

அவருடைய கண்ணின் வெண்மையில் மெல்லிய நீலம் ஓடியிருந்தது. தந்தைக்கும் அப்படித்தான். குடும்பத்தார் அதைப் பரம்பரை அழகென்றே சொல்லி வந்தனர். 1981இல் சுங்கை பாக்காப் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் திருநாவுக்கரசுக்கு அவரை மணம் பேசினார்கள். அண்ணன் ஆனந்தராஜா சாதகத்தோடு அனுப்பிய குறிப்பில், ‘நீலம் பாய்ந்த கண்கள்’ என்று பெருமையாக எழுதினார். முறிவுகளை எழுதவில்லை.

அந்த மாதமே அலுவலகப் படியில் கால் பிசகி ஒன்பதாவது முறிவு. மருத்துவர் காலைத் தொடுமுன் கண்ணைத்தான் பார்த்தார். உடலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தில் பல வகை உண்டு என்றார். குருத்தெலும்புக்கு இரண்டாம் வகை, இரத்தக் குழாய்களுக்கு மூன்றாம் வகை. எலும்புக்கும் கண்வெண்மைக்கும் உறுதி தருவது முதலாம் வகை. அது குறைந்தால் எலும்பு எளிதில் முறியும்; வெண்மை மெலிந்து நீலம் தட்டும். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் குறை வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

“அவங்க கண்ணைப் பத்திக் கேட்டுத்தானே வர்றாங்க. நீ எதுக்கு வாயைத் தொறக்கணும்?” என்றார் ஆனந்தராஜா.

“அதனாலதான் அண்ணே தொறக்கணும்.”

சொன்னாரே தவிர, மனம் ஒப்பவில்லை. முப்பத்தொரு வயதில் வந்த முதல் வரன் அது.

கட்டு அவிழ்த்த மறுவாரம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா அருந்ததி ஞானாம்பிகையின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். “என்னா அழகுலா இந்தக் கண்ணு! தம்பிக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் இது வந்துச்சுன்னா, பாசார்ல சாமான் வாங்க வர்ற எல்லாரும் நின்னு பார்ப்பாங்க!”

ஞானாம்பிகை தேநீர்த் தட்டை மேசைமேல் வைத்தார்.

“வரலாம் அக்கா. வந்தா, எலும்பும் என்னுது மாதிரிதான் இருக்கும்.”

ஒன்பது முறிவுகளையும் வரிசையாகச் சொன்னார். பாதிக்குப் பாதி என்பதையும் சொன்னார். ஆனந்தராஜா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். புறப்படும்போது திருநாவுக்கரசு தணிந்த குரலில், “நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்,” என்றார்.

அது குறைகூறலா, ஏக்கமா என்று ஞானாம்பிகைக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் ஏதும் வரவில்லை. அண்ணனும் வருகையைக் குறைத்துக்கொண்டார். வேறு வரன் பார்க்க ஞானாம்பிகையும் இசையவில்லை. சூலியா தெருவில் சுவரோரமாக, எவர் தோளும் படாமல் நடந்தார். இடிபட அஞ்சித் தைப்பூச இரதத்தை மாடிச் சன்னலிலிருந்தே கும்பிட்டார்.

1997இல் காலமானார். பெண் பார்த்த நாளுக்குப் பின் அவ்வீட்டில் தனியே வாழ்ந்தது பதினாறு ஆண்டுகள்.