அண்ணன் செய்த அச்சு

போன ஞாயிற்றுக்கிழமை சுதன் போன் எடுத்தான்.

"மச்சான், படகு டிசைன் ஒண்டு முடிவெடுக்கவேணும். வெளிக்கிட்டு வாங்கோ."

என்னிடம் கேட்கிறான் பாருங்கள்! கடற்கரையில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவன் நான். சந்திவரை போய்விட்டு, காஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள். படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. இருந்தாலும் போனேன். லிங்கநகரிலிருந்து அவர்களின் ஊரான இறக்கக்கண்டி வரைக்கும் பஸ்ஸில் ஒரே யோசனை... டிசைனுக்கு என்ன அவசரம்? வேறு ஏதும் நடந்திருக்குமோ?

சுதன், என் அண்ணியின் தம்பி. ஆழ்கடலுக்குப் போவதற்கென்று, அண்ணி வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு ஃபைபர் படகு கட்டப் போகிறான்.

போனில் உலகத்துப் படகெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். ஒன்றில் சமைக்கக் குசினி இருந்தது. இன்னொன்றில் கக்கூஸ் கூட!

"இதென்னடா, மீன் பிடிக்கவோ, குடும்பமாக் குடியிருக்கவோ?" என்றார் அண்ணி. பிறகு வளவின் மூலையைக் காட்டினார். "எதுக்கு இவ்வளவு தேடல்? அது கிடக்குதுதானே."

கஜு மரத்துக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது... என் அண்ணன் செய்த அச்சு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபைபர் படகும் இட்லியும் ஒன்று. குழி எப்படியோ, இட்லியும் அப்படியே. அண்ணன் அந்த அச்சைக் கொஞ்சம் ஒடுக்கமாகச் செய்திருந்தார். படகு விரைவாக ஓடும், எண்ணெய் மிச்சம் என்பது அவருடைய கணக்கு. அதில் எடுத்த ஒரே படகில்தான் கடலுக்குப் போனார். பக்கத்தால் வந்த அலை படகைக் கவிழ்த்துவிட்டது. கூடப் போன இரண்டு பேரும் அதையே பிடித்துக்கொண்டு மிதந்து தப்பினார்கள்.

அண்ணன் வரவில்லை.

"படகு ஒடுக்கம். கிருபா ஓட்டத்துக்கு ஆசைப்பட்டிட்டான்." அண்ணனின் செத்த வீட்டுக்கு வந்தவர்களே தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்கள். குசினிக்குள் நின்ற அண்ணிக்குக் கேட்கும் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

"அக்கா... அது ஒடுக்கம்," என்றான் சுதன் மெதுவாக.

"ஆர் சொன்னது? தேத்தண்ணி குடிக்க வந்த சனமோ?"

"கொஞ்சம் அகலமாச் செய்தா நல்லமெண்டு..."

"செய், செய். அவர் பிழை விட்டுத்தான் செத்தவர் எண்டு நாங்களே ஊருக்குப் படகு கட்டிக் காட்டுவம்!" அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்கோ. உங்கட அண்ணர் பிழை விட்டவரோ?"

என்ன சொல்வது? ஓம் என்றால், செத்தவர் குற்றவாளி. இல்லை என்றால், இருக்கிறவன் அதே ஒடுக்கத்தில் ஏறிப் போவான்.

"அண்ணன் பிழை விடேல்ல அண்ணி. அலை பெரிசு. ஆனா... சுதன் அகலமான படகிலதான் போகவேணும்."

"இரண்டும் எப்படித் தம்பி உண்மையாகும்?"



சுதன்தான் வழி கண்டுபிடித்தான். "அக்கா, புது அச்சு வேண்டாம். அத்தான்ர அச்சையே நடுவால அறுத்து, இடையில ஒரு பலகையை வைச்சு அகட்டுவம். வடிவம் அத்தான்ர வடிவம்தான். ஆரும் ஒண்டும் கதைக்க ஏலாது."

அண்ணி அச்சடிக்குப் போய், அதன் மேல் கிடந்த சருகைக் கையால் தள்ளிவிட்டார். பிறகு, "அறுங்கோ," என்றார்.

புதன்கிழமை அறுத்தோம். அறுத்தது சுதன், நான் கை கவனம், கால் கவனம் என்று கத்திக்கொண்டு நின்றேன். அச்சு இரண்டு பாதியாகப் பிரிந்தது. நடுவில் பலகையை வைத்து இறுக்கினான். தள்ளி நின்று பார்த்தால்... நல்ல படகு வரும்! அலைக்கு அசையாது என்று என் கண்ணுக்கே தெரிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஊர் வாயை மூடிவிட்டோம் என்று அவரும் சிரிப்பார் என நினைத்தேன். அவர் குனிந்து, புதுப் பலகையின் மேல் கையை விரித்து வைத்தார். ஒரு சாண். நம்பாதவர் போல இன்னொரு இடத்திலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒரு சாண்தான்.

"இவ்வளவுதானோ?" என்றார் எங்களைப் பார்த்து. "இவ்வளவுதானோடா குறைஞ்சது?"

சுதன் தலையைக் குனிந்துகொண்டான். அலை பெரிது என்று நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து அண்ணி வளவின் அந்தப் பக்கம் வருவதில்லை. எங்களுக்குத் தேத்தண்ணியைக் கூட வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்.

இந்தப் படகு கவிழாது என்று சுதன் அடித்துச் சொல்கிறான். நானும் நம்புகிறேன். அண்ணியும் நம்புகிறார் — அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.