சங்குக்கு முந்திய ஓட்டம்

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. முப்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள், நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்த இடத்திலேயே வேலை. உடம்பு சும்மா இருக்குமா? நன்றாக ஊதிவிட்டது.

அந்த வருடம் கம்பெனி விளையாட்டு விழாவில், பெண்களுக்கான ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துத் தொலைத்தேன். மைதானத்தை ஒரே ஒரு சுற்றுதான். பாதியில் மூச்சு முட்டி, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து சோடா கேட்டேன். மொத்தக் கம்பெனியும் கைகொட்டிச் சிரித்தது. வீட்டுக்காரர் வேறு, "சோடா குடிக்கிற போட்டின்னா நீதான் பர்ஸ்ட்டு" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அடுத்த வருடம் ஜெயிக்க வேண்டாம். உட்காராமல் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் எங்கே ஓடிப் பழகுவது? அப்போதெல்லாம் பொம்பளை தெருவில் ஓடினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் காலையில் ஏரிக்கரையில் பத்தடி ஓடியிருப்பேன். மாடு ஓட்டிவந்தவர் வழிமறித்தார். "இன்னாம்மா ஆச்சு? ஊட்ல யாருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா ஓடறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! விட்டால் வேப்பிலை அடித்திருப்பார்.

மறுநாள் டிபன் பையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் டிபன் பையோடு ஓடுகிறவள் கம்பெனிச் சங்குக்கு ஓடுகிறவள். சங்கு ஊதி முடித்ததும் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்கமாட்டார்கள். என் பையில் இருந்ததோ காலி டப்பாவும் ஒரு ஸ்பூனும். சலங் சலங்கென்று என்னைவிட அதுதான் உற்சாகமாக ஓடியது.

வினையும் அதில்தான் வந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் கடிகாரம் கிடையாது. சங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என்னைப் பார்த்ததும் எதிர்வீட்டுக்காரி, அதே கம்பெனியில் வேலை செய்கிற சின்னப் பெண், பாதி பின்னிய சடையோடு பாய்ந்து வந்தாள்.

"எக்கா, நில்லுக்கா! சங்கு ஊதிட்டாங்களா?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு ஏது? கையை மட்டும் ஆட்டினேன். சீக்கிரம் வா என்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர். எல்லோருமாகப் போய் நின்றால், கேட்டில் வாட்ச்மேன் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னா இவ்ளோ சீக்கிரம்? ஸ்ட்ரைக்கா?" என்றார்.

மூன்றாம் நாள் அவள் என் பையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டாள். "காலி டப்பாவத் தூக்கிகினு எங்கக்கா ஓடற?"

உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நாளிக்கி என்னியும் கூப்புடுக்கா" என்றாள். அதற்குப் பிறகு தினமும் இரண்டு பேர், இரண்டு காலி டப்பா. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிரித்த காலம் வேறு கிடையாது.

விழா நாள் வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டில் நின்றேன். விசில் அடித்ததும், பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுப் பெண் பறந்துவிட்டாள். நான் என் பாட்டுக்கு ஓடினேன். சரியாக, போன வருடம் உட்கார்ந்த அதே இடத்தில் மூச்சு முட்டியது. கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. ஓரத்தில் வீட்டுக்காரர் கையில் சோடாவோடு தயாராக நிற்கிறார், பாவி மனுஷன்! அழுகையே வந்துவிட்டது. அவ்வளவுதான், உட்கார்ந்துவிடலாம் என்று முழங்காலை மடக்கினேன்.

அதற்குள் ஓடி முடித்திருந்த அவள் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

"எக்கா! சங்கு ஊதிட்டாங்கக்கா! கேட்ட மூடறாங்கோ!"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஓடவில்லை, கால்கள்தான் ஓடின. தோளில் இல்லாத டிபன் பையைக் கை தானாகப் பிடித்துக்கொண்டது. கடைசி ஆளாகத்தான் கோட்டைத் தாண்டினேன். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குத்தான் முதல் பரிசு. அதைக்கூட மறந்துவிட்டு, "முடிச்சிட்டக்கா, முடிச்சிட்ட" என்று குதித்தாள்.

வீட்டுக்காரர் சோடாவை உடைத்து நீட்டினார். அதை நான் நின்றுகொண்டே குடித்தேன்.