சுறா எண்ணெய் பூசிய கார்

சூடான இரும்பின் மேல் சுறா எண்ணெய் பட்டால் எழும் புகைக்குத் தனி வாசனை உண்டு. முழுக்கக் கவிச்சி என்றும் சொல்ல முடியாது, கருகல் என்றும் சொல்ல முடியாது, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எழுந்து போகாது. கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த யாரைக் கேட்டாலும், மரப் படகுக்குப் பூசுகிற எண்ணெய்தானே என்பார்கள். எனக்கு அது காரின் வாசனை. சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கும் சொல்லும்போது சிரிப்புத்தான் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவள் நான், வாயால் சொல்லிக்கொண்டு போகிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் எழுதுகிறார்கள். நடுவில் வேறு பக்கம் திரும்பிவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்ப வந்துவிடுவேன்.

அப்பா லாஞ்சு டிரைவர். விசைப்படகை எங்கள் பக்கம் "லாஞ்சு" என்பார்கள். நடுக்கடலில் எஞ்சின் மூச்சடைத்து நின்றால், கையை உள்ளே விட்டு எதையோ திருகி மறுபடி மூச்சு விடவைப்பார். அந்தக் கைதான் அவருக்குத் தலைக்கனம் கொடுத்தது என்று அம்மா சொல்வாள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார், சொந்த ஊருக்குப் போகும்போது, இரண்டே கதவுள்ள தன் பழைய காரை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். தயிரில் மஞ்சள் தூள் விழுந்தது போன்ற நிறம். முன்கதவைத் திறந்து, சீட்டை மடக்கி, குனிந்துதான் பின்னால் ஏற வேண்டும். எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் கார் வந்து நின்றால் எப்படி இருக்கும். பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அழுத்தி, கார் முழுக்க மூக்கு அச்சாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அலமேலு அத்தை மட்டும் கிட்டே வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "யானைய வாங்கிட்டு வந்திருக்கான். இனிமே வூட்டுல இருக்கிறவுங்க தின்னுறது யானைக்குப் போவ மிச்சந்தான்."

அத்தை சொன்னது சரியாகத்தான் இருந்தது. கடலுக்குப் போய்வந்து பங்கு பிரித்தால் அதில் முதல் பங்கு காருக்கு. ஒரு வாரம் பேட்டரி என்பார், மறு வாரம் டியூப் என்பார், பாண்டிச்சேரியில் ஒருவனிடம் பழைய கதவுக் கைப்பிடி இருக்கிறது என்று கேள்விப்பட்டு அதற்காக ஒரு நாள் வேலையை விட்டுப் போவார். அம்மா அதற்கெல்லாம் அதிகம் பேசவில்லை. குழம்பில் மீனைக் குறைத்து, புளியைக் கூட்டிவைப்பாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகத் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை காரில் போவோம். அப்போது அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உள்ளுக்குள்ளேயே சிரிப்பதை நான் பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அதனால் அம்மாவுக்குக் காரே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பங்குனியில் கிள்ளையிலிருந்து தந்தி வந்தது. கிள்ளை என் அம்மா பிறந்த ஊர், சிதம்பரத்துக்குப் பக்கம். அம்மாவின் அப்பா, என் தாத்தா, இறந்துபோயிருந்தார். அம்மா அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். அப்பா வழிமறித்தார்.

"பஸ்சு நின்னு நின்னு போவும். வண்டியில ஒரே மூச்சுல போயிடலாம், ஏறு."

ஒரே மூச்சு புதுச்சத்திரம் வரைக்கும் வந்தது. அங்கே எஞ்சினுக்குள் டமார் என்று ஏதோ உடைந்து, கார் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்தார். சிதம்பரம் போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அம்மா எழுந்தாள். "இதோ ஆச்சு" என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே. அம்மா உட்கார்ந்தாள். இன்னொரு பஸ் போனது. "இதோ ஆச்சுடி, இந்த ஒரு போல்ட்டுதான்." நாங்கள் கைகாட்டியிருந்தால் அந்த பஸ்கள் நின்றிருக்கும். கடைசியில் அம்மா ரோட்டுக்கு நடுவில் போய் நின்று ஒரு பஸ்ஸை மறித்து ஏறினாள், நானும் அப்பாவும் பின்னாலேயே ஓடிப்போய் ஏறினோம். கிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்களாம். மகள் வரட்டும் என்று பார்த்துப் பார்த்து, எடுத்துவிட்டார்கள்.

பெற்ற தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆறுகிற விஷயம் இல்லை. அம்மா அழக்கூட இல்லை, ஈர வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கருமாதி முடிந்து கிளம்பும்போது, "நீங்க போங்க, நான் வரல" என்றாள். அப்பா வாசலில் இறங்கினார். அம்மா என் கையைப் பிடித்தாள், நானும் அம்மாவோடு இருந்துவிடத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும், நானும் இங்கே நின்றுவிட்டால் இந்த மனிதர் காரோடேயே இருந்துவிடுவார், அம்மாவைக் கூப்பிட வரவே மாட்டார் என்று பத்து வயசுப் புத்திக்குத் தோன்றியது. கையை உருவிக்கொண்டு ஓடினேன்.

அப்பா நினைத்ததைக் கேளுங்கள். அம்மா தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று அவர் நினைக்கவே இல்லை. கார் நின்றுபோனதுதான் கோபம் என்று நினைத்தார். ஆகவே நிற்காத கார் ஒன்றைச் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். புதுச்சத்திரத்திலிருந்து மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்து வீட்டுப் பக்கத்தில் நிறுத்தி, பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்தார். "பெட்ரோலு நம்ம சொல்லு கேக்காது. டீசலுதான் நமக்குப் பழக்கம்" என்று ஒரு பழைய ஜீப்பின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து உள்ளே இறக்கினார். அது பெரிசு, மூடி மூடவில்லை, மூடியை வெட்டிக் கூரை மாதிரி உயர்த்தினார். எஞ்சின் கனத்தில் காரின் மூக்கு தரையைத் தொட்டது. நெல்லிக்குப்பத்துக்குப் போய், கரும்பு ஏற்றும் டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகளை வாங்கிவந்து வைத்தார், இப்போது மூக்கு வானத்தைப் பார்த்தது. ஸ்டீயரிங் திரும்பவில்லை, லாரி ஸ்டீயரிங்கை மாட்டினார், அது அவர் வயிற்றில் இடித்தது. வயிற்றுக்காக சீட்டைப் பின்னால் தள்ளினார். பின்சீட்டில் நான் காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. இப்படி ஒன்றை மாற்றினால் அடுத்தது கோபித்துக்கொள்ளும், அதைச் சமாதானம் செய்தால் அதற்கு அடுத்தது.

உப்புக் காற்றில் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்தது. அதற்குத்தான் சுறா எண்ணெய். படகுக்குப் பூசுவதுபோலவே காரின் அடியில் படுத்துக்கொண்டு, துணியில் தோய்த்துத் தோய்த்துப் பூசினார். படகின் அடி தண்ணீரில் இருக்கிறது, காரின் அடியில் சூடான புகைக்குழாய் போகிறது என்பதை அந்தக் கடல்காரர் யோசிக்கவில்லை. ஸ்டார்ட் செய்த அன்றைக்கு எழுந்த புகையில் தெருவே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பூனைகள் மட்டும் சந்தோஷமாக வந்தன. முதுநகரில் இருந்த அத்தனை பூனைகளும் காருக்கடியில் குடும்பம் நடத்தின.

"கல்யாணத்துக்கு இந்த வண்டியில போனா சமையக்காரன் தேவையில்ல" என்று அலமேலு அத்தை வாசலிலிருந்து குரல் கொடுப்பாள். அப்பாவும் விடமாட்டார்: "ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு நானே ஓட்டுறேங்கா, வாடகை வாணாம்."

நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியது அப்போதுதான். யாரும் நிற்கச் சொல்லவில்லை. காலையில் சோறு வடிக்க வேண்டும், அப்பா கரைக்கு வரும் நேரம் தெரியாது, ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. போனாலும் பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள், என் பாவாடை, தலைமுடி எல்லாவற்றிலும் சுறா வாசனை. "கவிச்சிக் காரு" என்று எனக்கே பேர் வைத்துவிட்டார்கள். அந்தக் காருக்கு எவ்வளவு செலவானது என்று யாராவது கேட்டால் என்னைத்தான் காட்ட வேண்டும். படித்த நாலு எழுத்தும் மறந்துபோய், இன்றுவரை பஸ்ஸில் ஏறும்போது எந்த ஊருக்குப் போகிறது என்று ஆளைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.

அப்பா கடலில் இருக்கும் பகல்களில் பின்சீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா உட்காரும் முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு என்ன குழம்பு வைத்தேன், எவ்வளவு உப்பு போட்டேன் என்று சொல்லுவேன். ஒருநாள் அந்த சீட்டும் இல்லை, உறை மாற்றவென்று கழற்றிக் கொண்டுபோயிருந்தார். அம்மா கிள்ளையிலேயே நின்றுவிட்ட அன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது.

நடுவில் ஒருமுறை அம்மாவின் தம்பி, என் கிள்ளை மாமா, ஓலைப்பையில் கருவாடு எடுத்துக்கொண்டு வந்தார். காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இரண்டு கால்களிடம்தான் பேச வேண்டியிருந்தது.

"மாமா, பஸ்சுன்னு ஒன்னு ஓடுது, தெரியுமா? ஏறி குந்துனா மத்தியானத்துக்குள்ள கிள்ளை. வந்து ஒரு வார்த்த கூப்புடு, அக்கா வந்துடும்."

"வரேன் மச்சான். வண்டியிலயே வரேன்."

"வண்டிய யாரு கேட்டா?"

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன. "பஸ்ல வந்து கூப்புட்டா, வண்டி சரியில்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாரி ஆவும்" என்றது உள்ளேயிருந்து குரல்.

மாமா என்னைப் பார்த்தார். "நீ வரியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், வரவில்லை என்று. கருவாட்டுப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கார் தயாரானது. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு கிள்ளைக்குக் கிளம்பினார். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் வந்தது, புளியமரமும் வந்தது. கார் நிற்கவில்லை. மரம் பின்னால் போனதும் அப்பா ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. சிதம்பரத்தில் கீழவீதியில் எஞ்சினை அணைக்காமலே மல்லிகைப்பூ வாங்கினோம். அதற்குப் பிறகு நேராகக் கிள்ளைக்குப் போகாமல் கோயிலைச் சுற்றித் தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று ஒரு சுற்று வந்தார். "எஞ்சின் சூடு ஆறட்டும்" என்றார். ஓட்டினால் எப்படி ஆறும் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. மறுபடியும் ஒரு சுற்று வந்தார். பூக்காரம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

கிள்ளையில் புகையைப் பார்த்தே ஊர் கூடிவிட்டது. அம்மா வாசலில் நின்றாள். அப்பா இறங்கி, காரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"கடலூருல எடுத்தேன், இங்கதான் நிறுத்துனேன். நடுவுல எங்கயும் நிக்கல."

அம்மா காரைப் பார்த்தாள். கூரை வைத்த மூடி, வானத்தைப் பார்க்கும் மூக்கு, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நின்னுச்சே" என்றாள்.

அப்பா காரிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். அம்மா என்னைக் கிட்டே இழுத்து உச்சியை முகர்ந்தாள். சோறு வடித்துச் சுட்டுக்கொண்ட விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புள்ளைய என்னா பண்ணி வச்சிருக்க" என்று அப்பாவிடம் கேட்டது சண்டைக் குரலில் இல்லை. உள்ளே கூட்டிப்போய், சீயக்காய் போட்டு மூன்று முறை தலையைத் தேய்த்துவிட்டாள். பிறகு தன் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, காரைத் தாண்டி நடந்தாள்.

"எங்க போற?" என்றார் அப்பா.

"வூட்டுக்குத்தான். பஸ்ல."

மாமா சிரித்துவிட்டார், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சிதம்பரத்தில் கடலூர் பஸ்ஸில் கடைசி சீட்தான் கிடைத்தது. அம்மா என் ஈரத்தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். எத்தனை மாதமாக நான் வேண்டியிருந்த மடி அது. ஆனால் படுக்க முடியவில்லை. எழுந்து முழங்காலிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்கள் கார் வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றால் அது நின்றது, பஸ் கிளம்பினால் கிளம்பியது. ஆள் இறங்கும் நேரத்தில் தாண்டிப் போயிருக்கலாம், அந்த ஜீப் எஞ்சினுக்கு அது பெரிய விஷயம் இல்லை. அவர் போகவில்லை. பக்கத்து சீட்டில் மல்லிகைப்பூப் பொட்டலம் மட்டும் உட்கார்ந்திருந்தது. நான் கையை ஆட்டினேன், புகையில் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

"வரானா?" என்று கேட்டாள் அம்மா, திரும்பாமல்.

"வராரு."

"வரட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தாள், அந்தக் காரில் மட்டும் கடைசிவரை ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தனியாகத் தேவனாம்பட்டினம் வரை ஓட்டிப்போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருவார். சில வாரம் நான் கூடப் போவேன், வயசுக்கு வந்த பிறகு அதுவும் நின்றது. கார் பிறகு பழைய இரும்புக்குப் போனது. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

இப்போதும் மாதம் ஒருமுறை சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய்வருகிறேன். என் பிள்ளைகள் காரில் கொண்டுவிடுகிறோம் என்கிறார்கள், வேண்டாம் என்றுவிடுவேன். ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள், புளியமரம் இருந்த இடத்தில் பாலம் ஏறி இறங்குகிறது. கடைசி சீட் காலியாக இருந்தால் அங்கேதான் போய் உட்காருவேன், குலுக்கும், இருக்கட்டும். பின்னால் எத்தனையோ கார்கள் வருகின்றன, பளபளவென்று, சத்தமே இல்லாமல். ஒவ்வொன்றும் ஹாரன் அடித்து, பஸ்ஸைத் தாண்டி முன்னால் போய்விடுகிறது. கடலூர் வரைக்கும் பின்னாலேயே வருகிற கார் ஒன்றுகூட இல்லை.